வாயில் வராத ஓம்

ஜெனீவாவில் கொன்பரன்ஸுக்கு வருகிறவர்கள் முகத்தைப் பார்ப்பதற்கு முன் நெஞ்சைப் பார்க்கிறார்கள். அங்கே தொங்கும் அட்டையில் பெயரும் பதவியும் இருக்கும். பதவி பெரிதென்றால்தான் பார்வை முகத்துக்கு ஏறும். என் விடயத்தில் அது பெரும்பாலும் கழுத்துப்பட்டியோடு நின்றுவிடும்.

நான் நீர்ப்பாசன எஞ்சினியர். கல்முனைப் பக்கத்து வயல்களுக்கு வாய்க்கால் வெட்டுவித்தவன். இங்கே வந்த இந்த நாலைந்து வருடமாக வெட்டுவதெல்லாம் வாயாலேதான். வந்த புதிதில் ஒரு கூட்டத்தில், “மதகைத் திருத்துங்கள், கடைசி வயலுக்கும் தண்ணீர் போகும்” என்று சொல்லிவிட்டேன். பக்கத்திலிருந்த டென்மார்க்காரர் பதறிப்போய்க் காதருகே குனிந்தார். “இப்படி நேரே சொன்னால் அடுத்த கூட்டத்தை எதற்கு வைப்பது?” அன்றிலிருந்து ஃப்ரேம்வொர்க், மொடாலிட்டி, இன் பிரின்சிபிள் என்று கதைக்கப் பழகினேன். நாள் முழுக்கக் கதைத்தும் ஒரு சொட்டுத் தண்ணீர் நகராது. ஆனால் கைதட்டுவார்கள். சும்மா சொல்லக்கூடாது, எனக்கு மண்டைக்கனமும் ஏறியிருந்தது.

அந்த மண்டைக்கனத்தோடுதான் தங்கச்சி ஹிதாயாவின் கலியாணப் பேச்சுக்கு ஊர் போனேன். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். வாப்பா மௌத்தான பிறகு வீடு என் பெயரில் இருந்தது. சம்மாந்துறையிலிருந்து வந்த மாப்பிள்ளையின் வாப்பா தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“இந்த வீடு புள்ளைக்குத்தானே, தம்பி?”

ஓம் என்றால் காரியம் முடிந்தது. அந்தப் பாழாய்ப்போன ஓம் எனக்கு வாயில் வரவில்லை. தொண்டையைச் செருமினேன். “கொள்கையளவில இந்தக் கோரிக்கைய நாங்க வரவேற்கிறம். ஆனா அதுக்கான வழிமுறைகளப் பரந்த கண்ணோட்டத்தில ஆராஞ்சு…”

அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, கூட வந்தவரிடம் மெல்லச் சொன்னார். “எழும்புங்க மச்சான். தர மனமில்ல போல, மரியாதையாச் சொல்றார்.”

உம்மாவின் முகம் செத்துவிட்டது. பெண் வாய் திறக்காத சபை அது. ஆனாலும் அறைத் திரைக்குப் பின்னாலிருந்து ஹிதாயாவின் குரல் அழுகையோடு வந்தது.

“காக்கா! ஓம் எண்டு சொல்லுங்களன்! வாயில என்ன கொழுக்கட்டையா?”

“ஓம்” என்றேன்.

வாசல்வரை போனவர் திரும்பிச் சிரித்தார். “அல்ஹம்துலில்லாஹ்! இதச் சொல்ல உங்களுக்கு இவ்வளவு நேரமா?”

கலியாணத்தன்று வீட்டுப் பூட்டின் திறப்பை ஹிதாயாவின் கையில் கொடுத்தேன். அவள் அதை முந்தானையில் முடிந்துகொண்டபோது எனக்குக் கண் கலங்கியது. பந்தலடிப் புகை என்று சொல்லிச் சமாளித்தேன். அன்றிரவு நான் படுத்தது பெரியம்மா வீட்டில்.

திரும்பி வந்த கிழமையே வேறொரு நகரத்தில் இன்னொரு கொன்பரன்ஸ். தலைவர் என் பக்கம் திரும்பி, வரைவின் இந்தப் பந்தியை ஏற்கிறீர்களா என்று கேட்டார். மைக்கின் பொத்தானை அமத்தினேன். “யெஸ்.”

மண்டபம் மேலும் ஏதோ வரும் என்று காத்திருந்தது. மொழிபெயர்ப்பாளர்களும் வாயைத் திறந்தபடி காத்திருந்தார்கள். கடைசியில் தலைவர் கனிவாகக் கேட்டார், “இன் பிரின்சிபிள் என்றுதானே சொல்ல வருகிறீர்கள்?”

சட்டைப்பைக்குள் கையை விட்டேன். விரலில் ஒரு திறப்பு தட்டுப்பட்டது. ஹோட்டல் அறையினுடையது. அதையும் மறுநாள் மத்தியானத்துக்குள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.