பாம்படி சுயம்பு கட்டிய வலை

இராஜாக்கமங்கலம் பக்கத்தில் பாசனச் சானல் கரையோரம் குடியிருக்கும் சுயம்புராஜுக்குத் தொழில், வீடுகளுக்கு டைல்ஸ் ஒட்டுவது. ஆனால் ஊருக்குள் போய் டைல்ஸ்காரன் சுயம்புராஜ் வீடு எது என்று கேட்டுப் பாருங்கள், எல்லாரும் முழிப்பார்கள். பாம்படி சுயம்பு என்று கேட்க வேண்டும். கையைப் பிடித்து வாசலிலேயே கொண்டுபோய் விடுவார்கள்.

பேர் சும்மா வந்துவிடவில்லை. ஒரு பக்கம் வயல், ஒரு பக்கம் தென்னந்தோப்பு, நடுவில் மரச்சீனிக் கிழங்கு போட்ட விளை. பாம்புக்கு இதைவிட என்ன சுகம் வேண்டும்? கோழிக்கூட்டில் பாம்பு, குளிமுறியில் பாம்பு, ஸ்கூட்டர் சீட்டுக்கடியில் பாம்பு. ஊரை அதட்டுகிற மீசைக்காரர்களெல்லாம் கட்டில்மேல் ஏறி நின்றுகொண்டு சுயம்புவுக்குப் போன் போடுவார்கள். அவனும் சோற்றில் வைத்த கையை உதறிவிட்டு, பூவரசங்கம்போடு ஓடுவான். ஒரே அடிதான். அந்தப் பேர் அவனுக்குப் பிடித்திருந்தது, மறைப்பானேன்.

அந்தப் பேரே கடைசியில் அவன் தலையில் விடிந்தது. மனைவி ரேஷ்மிக்கு இரண்டு முறை கரு தங்கிக் கலைந்தது. டாக்டர் ஏதோ காரணம் சொல்லி மருந்து எழுதினார். ரேஷ்மியின் அம்மா சொர்ணம்மாள் வேறு காரணம் சொன்னாள்.

“வயித்துல பிள்ளை இருக்கச்ச வீட்டுக்காரன் ஒரு உயிரைக் கொல்லப்பிடாது. இவரு என்னன்னா வீடு வீடா போயி நல்ல பாம்பையில்லா அடிச்சுக்கிட்டு நடக்காரு!”

ஆஸ்பத்திரி வராந்தாவில், அவன் காதுபடத்தான் சொன்னாள். மனுஷன் அன்றைக்கே பாதி செத்துப்போனான். அம்மா சொன்னதை ரேஷ்மி நம்பினாள் என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது.

மூன்றாவது முறை தங்கியதும் சுயம்பு அந்தக் கம்பை முறித்து அடுப்பில் வைத்தான். யார் கூப்பிட்டாலும், “பயர் சர்வீசைக் கூப்பிடுங்க, நான் வரல்ல” என்றான். பாம்படிக்கே பயம் வந்திட்டு என்று டீக்கடையில் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். அவனுக்கு அந்தப் பிள்ளை வேண்டும், வேறொன்றும் வேண்டாம்.

ஆனால் பாம்புக்குத் தெரியுமா இவன் விரதம்? ரேஷ்மிக்கு ஏழாம் மாதம் நடக்கும்போது, துணி துவைக்கிற கல்லோரம் நல்ல பாம்புச் சட்டை ஒன்று கிடந்தது. அடிக்கவும் கூடாது, சும்மா விடவும் முடியாது. ஓடினான் மீன்பிடித் துறைக்கு. பழைய நைலான் வலை ஒன்று வாங்கி வந்து, வீட்டைச் சுற்றித் தரையோடு இழுத்துக் கட்டி, அடியில் மணலை அள்ளிப் போட்டு மூடினான். பக்கத்து விளைக்காரர் ராஜையன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று வேடிக்கை பார்த்தார்.

“லே சுயம்பு, சாளை பிடிக்கவா அயிலை பிடிக்கவா?”

“எது வந்தாலும் உமக்கு ஒரு பங்கு உண்டு, அண்ணே” என்றான் இவன். அதன்பிறகு கொஞ்ச நாள் நிம்மதியாகத் தூங்கினான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெயில் நன்றாக ஏறிய நேரம். பின்பக்கம் ரேஷ்மி போட்ட அலறலில் சுயம்பு விழுந்தடித்து ஓடினான். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள். ராஜையன் விளையை ஒட்டிய பக்கத்து வலையில் நல்ல பாம்பு. கைத்தண்டை கனம் இருக்கும். பாதி உடம்பு கண்ணிக்குள் இறுகிக் கிடக்க, படத்தை விரித்துச் சீறியது.

“ஒண்ணுமில்ல, நீ உள்ள போ” என்றவன் கிட்டே போய்ப் பார்த்தான். பாம்பின் தலை வெளிப்பக்கம் இருந்தது, வால் வீட்டுப்பக்கம் கிடந்தது. அது உள்ளே வர வந்த பாம்பல்ல, வெளியே போகப் பார்த்த பாம்பு. அவன் வலை கட்டுகிறபோதே அது உள்ளேதான் இருந்திருக்கிறது. துவைக்கிற கல்லுக்குப் பின்னால் அவனே அடுக்கிவைத்த உடைந்த டைல்ஸ் குவியலுக்குள் கிடந்திருக்கும். நிறைவயிற்றோடு ரேஷ்மி தினமும் அங்கேதான் குனிந்து நிமிர்ந்தாள். பாம்பு வராமலிருக்கக் கட்டிய வலை, பாம்பைப் போகவிடாமல் பிடித்து வைத்திருந்தது. மடையா, மடையா என்று தன்னைத்தானே ஏசிக்கொண்டான்.

பயர் சர்வீசுக்குப் போன் போட்டான். ஆட்கள் வேறு இடத்துக்குப் போயிருக்கிறார்கள், வர நேரமாகும் என்றார்கள். பாம்பு முறுக்க முறுக்க நூல் சதையில் இறங்கியது. சீறலும் குறைந்துகொண்டே வந்தது.

“அது செத்துப்போவும் போல இருக்கே” என்றாள் ரேஷ்மி. அவள் உள்ளே போகவில்லை. “உங்க வலையில கெடந்து செத்தா, நீங்க கொன்னதுதான். என்னால இன்னொரு வாட்டி தாங்க முடியாது, சொல்லிட்டேன்.”

அதற்குள் சத்தம் கேட்டு ராஜையன் கம்போடு வந்துவிட்டார். “நீ தொடாண்டாம் சுயம்பு. நான் அடிக்கேன். எனக்க வீட்டுல பிள்ளைத்தாச்சி கெடையாதே.”

சுயம்புவுக்கு ஒரு நொடி ஆசைதான். ரேஷ்மி கையெடுத்துக் கும்பிட்டாள். “எங்க வலையில வச்சு அடிச்சிராதீங்க, அண்ணே.”

“சரி, வலையை வெட்டி விடட்டும். ஆனா எனக்க விளைக்கு விடப்பிடாது. பேரப்பிள்ளை தவழுத முற்றமாக்கும்.”

“பின்னால இழுக்க வழியில்ல அண்ணே, செதில்ல நூல் கேறிக் கெடக்கு” என்றான் சுயம்பு. “முன்னாலதான் போவும். விளை வழியா சானலுக்குப் போயிரும். இந்த ஒரு வாட்டி கம்பைக் கீழ போடும்.”

ராஜையன் நடந்துபோய்த் தன் முற்றத்துத் தென்னையில் கம்பைச் சாய்த்து வைத்தார். அவரைக் குறைசொல்ல முடியுமா? பிள்ளை அவருக்கும் பிள்ளைதானே.

சுயம்பு சாக்கு ஒன்றை நனைத்து, வலைக்கு மேலாக எட்டிப் பாம்பின் தலைமேல் போட்டான். சாக்குக்குள் அது ஒருமுறை கொத்திவிட்டு அடங்கியது. கட்டர் பிளேடை எடுத்துக்கொண்டு குத்தவைத்து உட்கார்ந்தான். பாம்பை அடித்துப் பழகியவனுக்குத் தொட்டுப் பழக்கமில்லை. ‘அய்யா, நீரே துணை’ என்று சாமியை வேண்டிக்கொண்டு முதல் நூலை அறுத்தான். பிளேடு கொஞ்சம் இறங்கினால் பாம்புக்கு வெட்டு விழும், கொஞ்சம் தாமதித்தால் சாக்கு நழுவும். நழுவினால் அவன் கதை முடிந்தது. கண்ணில் வேர்வை இறங்கியதைத் துடைக்கவும் கை இல்லை. ஒவ்வொரு நூலாக அறுத்தான். உடம்பு அவன் விரல்களுக்கடியில் நெளிந்து நெளிந்து இளகியது. கடைசிக் கண்ணி விட்டதுதான் தாமதம், சாக்கைத் தள்ளிக்கொண்டு சர்ரென்று மரச்சீனிக்குள் பாய்ந்தது.

சுயம்பு அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டான். ரேஷ்மி அழுதாள், அழுதபடியே சிரித்தாள். “போயிட்டு, போயிட்டு!” என்றாள். “இரி, உனக்குக் குடிக்க வெள்ளம் எடுத்திட்டு வாரேன்” என்று எழுந்தான்.

அடுக்களை வாசல்கூடத் தாண்டியிருக்க மாட்டான். ராஜையன் வீட்டுப் பக்கம் ஒரு சத்தம். வெறுந்தரையில் கம்பு விழுகிற சத்தம் ஒன்று, பாம்பின்மேல் விழுகிற சத்தம் வேறு. ஊரில் யாருக்குத் தெரியாவிட்டாலும் சுயம்புவுக்குத் தெரியாதா? திரும்பி ஓடிப்போய்த் தண்ணீர் மோட்டாரைப் போட்டான். பழைய மோட்டார் அது, வீடே அதிரும். இரண்டாவது அடி அந்த இரைச்சலில் அமுங்கிப்போனது.

“இப்ப எதுக்கு மோட்டாரு?” என்று ரேஷ்மி கத்திக் கேட்டாள்.

“கை கழுவண்டாமா?”

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். கிட்டே வந்து அவன் கையைப் பிடித்தாள்.

“அது உயிரோட போச்சுல்லா?”

“போச்சு.”

“எனக்க வயித்துல கை வச்சுச் சொல்லுங்க.”

உயிரைக் கொன்ற பாவத்துக்குப் பயந்து மாதக்கணக்காய்க் கம்பைத் தொடாதவன் அவன். பிள்ளைமேல் பொய்ச்சத்தியம் அதைவிடப் பெரிய பாவம் என்பதும் அவனுக்குத் தெரியும். அவள் கண்ணில் அத்தனை நாளைக்குப் பிறகு பயம் இல்லை. அதைப் பார்த்துக்கொண்டே அவள் வயிற்றில் கையை வைத்தான்.

“உயிரோடதான் போச்சு” என்றான்.

“அப்ப இனி ஒண்ணும் வராது” என்று சொல்லிவிட்டு ரேஷ்மி துணியைக் காயப்போடப் போனாள். மேலே தொட்டி நிறைந்து தண்ணீர் சுவரில் வழிந்தது. மோட்டாரை நிறுத்த அவன் போகவில்லை.