லோர்னாவின் அடுப்படி

நெவாடா பாலைவனத்தின் பழைய வெள்ளிச் சுரங்கங்களுக்கு எங்கள் ஜீப் குழு போகும்போதெல்லாம் லோர்னாவுடையதுதான் கடைசி வண்டி. பாதை பிரியும் இடத்தில், பின்னால் வரும் வண்டி கண்ணில் படும்வரை முன்வண்டி நகராது. அதனால் கடைசி வண்டி நின்றால் எல்லோரும் நிற்க வேண்டியதுதான். சுரங்கத் தொழிலாளியின் மகளான லோர்னா, தான் பிறந்த வீட்டை இத்தனை வருடமும் நிற்காமலே கடந்துபோனாள்.

முதுகுவலி முற்றியதால் ஜீப்பை விற்க முடிவு செய்திருந்தாள். அன்று அவளுக்குக் கடைசிப் பயணம். பாதை பிரியும் இடத்தில் காத்திருந்தேன். அவள் வண்டியின் புழுதி தெரியவில்லை. ரேடியோவில் கூப்பிட்டேன்.

“லோர்னா, எங்க இருக்கீங்க?”

“எங்கம்மா அடுப்படியில. கொஞ்ச நேரம் நின்னுக்கட்டுமா?”

முதல் வண்டியிலிருந்து ட்வெய்ன் குறுக்கிட்டான். “முன்னாடியே சொல்லியிருந்தா எப்பவோ நின்னிருப்போமே, கிழவி!”

“உன் வாய்க்குப் பயந்துதான்டா சொல்லல.”

எல்லோரும் வண்டியைத் திருப்பினோம். அங்கே சுவர்கூட இல்லை. சிமெண்ட் தரையும் துருப்பிடித்த அடுப்பும் மட்டும் இருந்தன. வரிசையாக வந்து நின்ற ஜீப்புகளைப் பார்த்து லோர்னா சிரித்தாள்.

“இத்தனை பேர் எங்க வீட்டுக்கு வந்ததே இல்ல. மண்ணத் தட்டிட்டு உள்ள வாங்க, அம்மா திட்டுவா.”

பூட்ஸைத் தட்டிவிட்டு, கதவு இருந்த பக்கமாக நுழைந்தோம்.