இடது கையில் தயிர்

மீன்கார அக்காவின் இடது கையில் சின்ன எவர்சில்வர் தூக்குச்சட்டி ஒன்று தொங்கும். தலையில் சும்மாடு, அதன்மேல் அலுமினியச் சட்டி நிறையச் சாளை மீனும் காரல் மீனும். வலது கை அந்தச் சட்டியைப் பிடித்திருக்கும். இடது கையை மட்டும் உடம்பைவிட்டு விலக்கி நீட்டியபடியே எங்கள் தெருவுக்குள் வருவார். தூக்குச்சட்டியில் தயிர். மீன் தண்ணீர் ஒரு சொட்டுக்கூட அதன்மேல் படக் கூடாதாம். "என்னக்கா, பரதநாட்டியமா?" என்று ஒரு நாள் வாசலில் நின்று கேலி செய்தேன். அவரும் சிரித்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே விஷயம் வெளியே வந்திருக்கும்.

தூத்துக்குடியில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியின் லேபில் வேலை பார்க்கிறேன். ரத்தம் எடுத்து, அளவு பார்த்து எழுதிக் கொடுப்பதோடு என் வேலை முடிந்தது. ஆனால் வெள்ளைக் கோட்டைப் பார்த்துவிட்டு யாராவது "டாக்டரம்மா" என்றால் திருத்தமாட்டேன். காதுக்கு இனிப்பாகத்தான் இருந்தது. அக்காவும் அப்படித்தான் கூப்பிட்டார். மாதப்போக்கு அதிகமாகி, நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது என்று வந்தவருக்கு ரத்தம், அதாவது ஹீமோகுளோபின், எட்டுதான் இருந்தது; பன்னிரண்டாவது இருக்க வேண்டும். டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை எழுதினார். பத்து நாள் கழித்து எங்கள் வாசலில் மீன் சட்டியை இறக்கிவைத்துவிட்டு, "மாத்திர ஒத்துக்கல டாக்டரம்மா. வயிறு எரியுது. வெளிக்கும் சரியாப் போவ மாட்டேங்குது" என்றார்.

டாக்டரிடம் போய்ச் சொல்லுங்கள் என்றிருக்க வேண்டும். சொன்னேனா? முந்தின நாள்தான் செல்போனில் குடல் நலம் பற்றி ஒரு வீடியோ பார்த்திருந்தேன். தயிரில் இருக்கும் நல்ல கிருமிகள், குடலுக்கு அவை செய்யும் உபகாரம் என்று அரைகுறையாகக் கேட்டதையெல்லாம் அள்ளிவிட்டேன். "மூணு வேளையும் தயிர் சேத்துக்கோங்க. மாத்திரையையும் மோர்லயே முழுங்குங்க. வயிறு குளுந்துரும்." அக்கா பக்தியோடு தலையாட்டினார். ஒரு கை காரல் கூடுதலாக அள்ளிப் போட்டார். நான் அதையும் வாங்கிக்கொண்டேன். வயிறு நிஜமாகவே அடங்கியது. அதன்பிறகு நான் சொன்னதுதான் அவருக்கு வேதவாக்கு.

ஆனால் ரத்தம் ஏறவில்லை. அடுத்த சோதனையில் ஏழரை. அதற்கடுத்து ஏழுக்கும் கீழே. எனக்குக் கோபம் வந்தது. என் பேச்சைக் கேட்டும் தேறாமல் இருக்கிறாரே என்ற கோபம். எவ்வளவு கொழுப்பு எனக்கு! லேப் வாசலில் பத்துப் பேர் உட்கார்ந்திருக்க, "தெருத்தெருவா மீன் விக்கத் தெரியுது, ஒரு மாத்திர முழுங்கத் தெரியலையா? தூரப் போட்டுட்டு இங்கன வந்து நிக்கீங்க" என்று கத்தினேன். "சத்தியமா முழுங்குதேன் தாயி" என்றார், தலையைக் குனிந்துகொண்டு. நான் நம்பவில்லை. அடுத்த வாரம் மீன்பிடித் துறைமுகத்து ஏலக் கூடத்திலேயே மயங்கி விழுந்துவிட்டார். சிமெண்ட் தரையில் மோதிப் புருவம் கிழிந்திருந்தது. எங்கள் ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கி வந்தார்கள்.

டாக்டர் அவரைப் படுக்கவைத்து, நான் ஒரு நாளும் கேட்காத கேள்வியைக் கேட்டார்: "நேத்து என்னென்ன சாப்ட்டீங்க?" ரத்தம் எடுப்பதற்காக நான் பக்கத்தில்தான் நின்றேன். காலையில் தயிர்ச் சோறு, மத்தியானம் தயிர்ச் சோறு, ராத்திரியும் அதுவே. மீன்? "மீன் தின்னு மூணு மாசமாச்சு டாக்டர். தயிர் திங்குத வயித்துல மீன் போனா மேலெல்லாம் வெள்ள விழுந்துருமுல்லா?"

மீன் குழம்பு வைக்கும் நாளில் எங்கள் வீட்டிலும் தயிரை வெளியே எடுப்பதில்லை. இரண்டும் சேர்ந்தால் தோலில் வெண்படை விழும் என்ற அந்தப் பயம் எனக்கும் உண்டு. ஆனால் எங்களுக்கு வாரத்தில் நாலு நாள் மீன் இல்லாத நாள். அக்காவுக்கு அப்படி ஒரு நாள் ஏது? மூணு வேளையும் தயிர் என்று நான் சொன்னபோதே அவர் தட்டிலிருந்து மீனை எடுத்துவிட்டேன். அவர் சாப்பாட்டில் இரும்பு என்று பேருக்கு இருந்தது அந்த மீன் ஒன்றுதான். மோரில் முழுங்கியதால் மாத்திரையும் உடம்பில் சரியாகச் சேரவில்லை என்றார் டாக்டர். மூன்று மாதமாக ஒரு துண்டு மீனை வாயில் வைக்காதவர், என் வாசலில் உட்கார்ந்து எனக்கு மீன் ஆய்ந்து கொடுத்துக்கொண்டிருந்தார். நாங்கள் ருசித்துச் சாப்பிட்டோம்.

"மூணு வேளையும் தயிர்னு யாரு சொன்னது?" என்று கேட்டார் டாக்டர். அக்கா என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு, "டிவில சொன்னாவ டாக்டர்" என்றார். நான் ரத்தக் குப்பியில் பெயர் எழுதிக்கொண்டிருந்தேன். இதை எழுதும்போதும் எனக்கு முகம் சுடுகிறது.

ரத்தம் ஏற்றி, வைத்தியம் பார்த்து, அக்கா மெல்ல மெல்லத் தேறினார். போன மாதம் வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தவரிடம், "அன்னைக்கு நாந்தான் சொன்னேன்னு நானே டாக்டர்ட்ட சொல்லியிருக்கணும்க்கா" என்றேன். அவர் நிமிரவில்லை. "எனக்கு ரத்தம் போச்சு, ஊறிருச்சி. ஒனக்கு வேல போயிருந்தா ஊறுமா? போளா" என்று செல்லமாக அதட்டினார். அதில் ஆறுதல் அடைய எனக்கு யோக்கியதை இல்லை. டாக்டரிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

அந்தத் தூக்குச்சட்டி இப்போதும் வருகிறது. கையில் அல்ல, மீன் சட்டிக்குள்ளேயே ஓரமாகக் கிடக்கிறது. என் வாசலில் சட்டியை இறக்கியதும், நான் கேட்காமலே அதை எடுத்து மூடியைத் திறந்து காட்டுகிறார். வீட்டுப்பாட நோட்டை நீட்டும் பிள்ளையின் முகம் அவருக்கு. "பாரு டாக்டரம்மா, சாளக் குழம்பு. தயிரே இல்ல." நான் டாக்டர் இல்லை என்று ஒவ்வொரு முறையும் வாய்வரை வருகிறது. குனிந்து பார்த்துவிட்டு, "நல்லதுக்கா" என்கிறேன்.