நல்ல நாளைக்கென்று வைத்த ஸ்பானர்

விலை கூடிய கைச்சாமான்கள் கொடுத்த காசுக்குத் தகுமா என்று சிலர் இன்னும் என்னிடம் கேட்பதுண்டு. பாதி ஆயுளை லாரிக்கு அடியில் படுத்தே கழித்தவனுக்குத் தெரியாமலா இருக்கும் என்ற நம்பிக்கை அவர்களுக்கு. என்னிடம் இருந்த இங்கிலாந்து ஸ்பானர் செட்டைப் பற்றி முதல் நான்கு வருஷங்கள் என்னால் சொல்ல முடிந்தது ஒன்றே ஒன்றுதான். பார்க்க நன்றாக இருந்தது.

ஐம்பதுகளில் சிராங்கூன் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், சீன முதலாளி ஒருவரின் லாரிப் பட்டறையில் மெக்கானிக்காக இருந்தேன். அவரவர் சாமானை அவரவர்தான் கொண்டுவர வேண்டும். என்னுடையது சுங்கை ரோட்டில் தரையில் குவித்து விற்ற ரகம். அந்த ஸ்பானர்களுக்கு ஒரு குணம் உண்டு. இறுகிய நட்டில் மாட்டி இழுத்தால் நட்டு அசையாது, ஸ்பானரின் வாய்தான் விரியும். அப்புறம் வழுக்கும். நம் விரல்முட்டி நேராகப் போய் எஞ்சினில் இடிக்கும். நட்டின் முனைகள் மழுங்கி உருண்டையாகிவிட்டால் உளி வைத்து வெட்டித்தான் எடுக்க வேண்டும். முதலாளி பக்கத்தில் நின்று பெருமூச்சு விடுவார். அதற்குச் சம்பளம் பிடிக்க மாட்டார், ஆனால் நீளமாக விடுவார்.

ஹை ஸ்திரீட் கடைக் கண்ணாடிக்குள் இருந்த அந்த இங்கிலாந்து செட்டின் விலை ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல். மனைவி தடுப்பாள் என்று எதிர்பார்த்தேன். "வாங்கிடுங்க. உங்க கையப் பாத்துக்கிட்டு எனக்குச் சோறு எறங்கல" என்றாள். வாங்கிவிட்டேன்.

கொண்டுவந்த அன்றே சந்தனம் குங்குமம் வைத்தோம். மறுநாள் வேலைக்கு எடுத்துப் போவதாகத்தான் இருந்தேன். அத்தனை பளபளப்பைக் கொண்டுபோய் கிரீஸில் போட மனசு வரவில்லை. கஷ்டமான வேலை வரட்டும் என்று பெட்டியை அலமாரிக்கு மேல் ஏற்றினேன். கஷ்டமான வேலை வாரத்துக்கு இரண்டு வந்தது. ஒவ்வொரு தடவையும், போயும் போயும் இதற்கா அதை எடுப்பது என்று தோன்றியது. ஆயுத பூஜைக்கு மட்டும் இறக்கி, துடைத்து, பொட்டு வைத்து, மறுபடி மேலே வைத்துவிடுவேன். வருஷமெல்லாம் உழைத்த ஸ்பானர்கள் சாக்குப்பையில் கிடக்கும். பூஜை எல்லாம் உழைக்காததற்கு. பட்டுப்புடவையை வருஷக்கணக்கில் பெட்டியில் வைத்திருக்கிற எங்களுக்கு இது விசித்திரமாகவே படவில்லை.

நாங்கள் குடியிருந்தது மிளகாய் அரைக்கும் மில்லுக்கு மேலே ஓர் அறையில். அந்தக் காரநெடிக்குப் பெரியவர்கள் பழகிவிடலாம். எங்கள் மூன்று வயது மகளால் முடியவில்லை. மூச்சு இழுக்கும்போது அவள் நெஞ்சுக்கூடு உள்ளே ஒட்டிக்கொள்ளும். இடத்தை மாற்றுங்கள், மருந்தால் ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தச் சமயத்தில்தான் ஊருக்கு வெளியே ஒரு பெரிய கம்பெனியில் மெக்கானிக் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். வேலையோடு குவார்ட்டர்ஸ் உண்டு. சுற்றிலும் மரம். கைவேலையில் தேர்வு வைப்பார்கள், சொந்தச் சாமானோடு வர வேண்டும்.

தேர்வன்று மனைவியே ஸ்டூல் போட்டு ஏறிப் பெட்டியை இறக்கினாள். "இதக் கொண்டு போங்க." கொண்டு போனேன். சாக்குப்பையையும்தான்.

துருப்பிடித்த எஞ்சின் ஒன்றைக் காட்டி, அதன் புகைக்குழாயில் இருக்கும் எட்டு நட்டுகளையும் கெடுக்காமல் கழற்றச் சொன்னார்கள். பழைய ஸ்பானரிலேயே நான்கு வந்துவிட்டன. ஐந்தாவது அசையவில்லை. பெட்டியைத் திறந்தேன். பளபளப்பு, மேலே குங்குமம். அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. இது ஐந்தாவதுதானே, எட்டாவது இதைவிட மோசமாக இருக்கும், அதற்கு வைத்துக்கொள்ளலாம். பழைய ஸ்பானரை மாட்டி முழுப் பலத்தோடு இழுத்தேன். வாய் விரிந்தது, வழுக்கியது, நட்டு உருண்டையாகிவிட்டது. எட்டாவது எப்படி இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

தேர்வு வைத்த வெள்ளைக்காரர் காகிதத்தில் ஏதோ குறித்துக்கொண்டார். பிறகு என் பெட்டியிலிருந்து ஒரு ஸ்பானரை எடுத்துப் பார்த்தார். விரலில் ஒட்டிய சிவப்பை மோந்தும் பார்த்தார்.

"யாருடையது?" என்று மலாயில் கேட்டார்.

"என்னுடையதுதான், துரை."

"பிறகு ஏன்?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் அளவுக்கு எனக்கு மலாய் தெரியாது. பெட்டியை மூடி, சாக்குப்பையையும் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

வீட்டில் மனைவி மகளைத் தோளில் நிமிர்த்திப் போட்டுக்கொண்டு நின்றிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"எதுல செஞ்சீங்க?"

"பழசுல."

"புதுசு பக்கத்துலதான இருந்துச்சு?"

"இருந்துச்சு."

மகளை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு திரும்பிக்கொண்டாள். திட்டியிருந்தால் தேவலை. வெட்கத்தில் அன்று நான் சாப்பிடவே இல்லை, சாப்பிடச் சொல்லி யாரும் கூப்பிடவும் இல்லை.

மறுநாள் காலை கீழே குளித்துவிட்டு வந்து பார்த்தால் சாக்குப்பையைக் காணோம்.

"பை எங்க?"

"காராங்கூனிக்காரன் வந்தான். போட்டுட்டேன்."

பழைய இரும்பு வாங்கத் தெருத்தெருவாகக் கூவிக்கொண்டு போகிறவன் அவன். "எல்லாத்தையுமா? நான் வேலைக்கு எதக் கொண்டு போறது?" என்று கத்தினேன்.

கதவோரம் இருந்த பெட்டியை முகவாயால் காட்டினாள். "புள்ள இழுக்கிற சத்தம் உங்களுக்கும்தான கேக்குது? இனிமே எந்த நல்ல நாளுக்கு வச்சிருக்கப் போறீங்க?"

கோபத்தோடுதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். பட்டறையில் ஒரு பழைய லாரி காத்திருந்தது. அடியில் படுத்து, துருவேறிய நட்டு ஒன்றில் புது ஸ்பானரை மாட்டினேன். இம்மியும் ஆடாமல் கவ்விக்கொண்டது. இழுத்தேன். ஒரே இழுப்பு, நட்டு கழன்று சுற்றியது. முனைகூட மழுங்கவில்லை. என் விரலில் ஒரு கீறல் இல்லை.

நேற்று இந்த ஓர் இழுப்பு இழுத்திருந்தால் போதும், என் மகள் இன்னும் ஒரு மாதத்தில் மரத்தடியில் விளையாடியிருப்பாள். முதலாளி வெளியே நின்று, "முடிஞ்சிருச்சா லா?" என்றார். நட்டைக் கையில் மூடிக்கொண்டு லாரிக்கு அடியிலேயே கிடந்து அழுதேன். இன்னும் முடியவில்லை என்று சொல்லிவிட்டேன்.