அனுமதிக் கடிதத்தில் இருந்த ஒரே முகவரி

பருத்தி எடுக்கும் மாதங்களில் அந்த ஊர்க் காற்றில் லேசான கருகல் வாசனை இருக்கும். கதவைத் திறந்தால் நாக்கில் மண் ஒட்டும்...

மேற்கு டெக்சஸில் ஒரு சின்ன ஊர். அடுத்த டாக்டர் எழுபது மைல் தள்ளி.

என் வீட்டுக்காரர், இவர், அப்போதுதான் டாக்டர்களுக்கான ரெசிடென்சி பயிற்சியை முடித்திருந்தார். இவர் வந்த விசாவில், இந்தியாவுக்குத் திரும்பாமல் இங்கேயே இருக்க வேண்டுமென்றால், டாக்டர் கிடைக்காத ஓர் ஊரில் மூன்று வருடம் வேலை பார்க்க வேண்டும். அதுவும் அனுமதிக் கடிதத்தில் எந்த க்ளினிக்கின் முகவரி இருக்கிறதோ, அங்கே மட்டும்.

நான் டீச்சராக இருந்தவள், ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒரு பள்ளிக்கு உங்களுக்கு போஸ்டிங் ஆர்டர் வருகிறது. பக்கத்துப் பள்ளியில் பிள்ளைகள் டீச்சர் இல்லாமல் உட்கார்ந்திருந்தாலும் நீங்கள் போய்ப் பாடம் நடத்த முடியாது. அதே கதைதான்.

இவருக்கும் அது தெரியும். ஆனால் பாளையங்கோட்டையில் வளர்ந்தவர். அங்கே டாக்டர் என்றால் வீடு திரும்பும் வழியில் நாலு வீட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வருபவர்.

ரோசா என்று ஓர் அம்மாள், தனியாக இருந்தார். சர்க்கரை நோய், காலில் ஆறாத புண். அவருடைய பழைய ட்ரக் நின்றுபோனதால் இரண்டு முறை கட்டு மாற்ற க்ளினிக்குக்கு வரவில்லை. சனிக்கிழமை இவரே பையை எடுத்துக்கொண்டு போய்க் கட்டு மாற்றிவிட்டு வந்தார்.

அதோடு விட்டாரா? திங்கட்கிழமை க்ளினிக் ஃபைலில் 'வீட்டில் வைத்துப் பார்த்தேன்' என்று தேதி போட்டு எழுதியும் வைத்துவிட்டார்!

அதைப் படித்த மேனேஜருக்கு முகம் வெளிறிவிட்டது. லாயருக்கு போன் போட்டார்கள். ஒரு தடவை என்பதால் விளக்கம் எழுதிச் சமாளிக்கலாம், இன்னொரு தடவை நடந்தால் மூட்டை கட்ட வேண்டியதுதான் என்றார் லாயர்.

அன்று இவர் சரியாகச் சாப்பிடவில்லை.

"புண்ணு எலும்பு வரைக்கும் போயிரும், மெர்சி. அந்தம்மாவுக்குக் காலே போயிரும்."

"நீங்கதான அங்க போகக் கூடாது? அவங்க இங்க வரலாம்ல?"

"யாரு கூட்டிட்டு வருவா?"

"நான்தான்."

"மூணாவது தடவைல லைசென்ஸ் வாங்குன ஆளு நீ."

"அந்த ரோட்டுல இடிக்கறதுக்கு என்னங்க இருக்கு? ரெண்டு பக்கமும் பருத்திதான்."

வாரம் இரண்டு நாள், ரோசா வீட்டுக்குப் போக இருபத்திரண்டு மைல், வர இருபத்திரண்டு மைல். நாற்பதுக்கு மேல் வேகம் போக மாட்டேன். பக்கத்தில் ரோசா கைப்பிடியை இறுக்கிக்கொண்டு ஸ்பானிஷில் ஜெபிப்பார். நான் தமிழில். ஆண்டவருக்கு இரண்டும் புரிந்திருக்கும்... பாதிக் குளிர்காலத்தில் அவர் கைப்பிடியை விட்டார். மக்காச்சோள மாவைச் சோளத் தோலில் பொதிந்து வேகவைக்கும் தமாலே கட்டவும் எனக்குக் கற்றுக்கொடுத்தார்.

வசந்தம் வந்த பிறகு ஒருநாள், வெயிட்டிங் ரூமில் இருந்த என்னை இவர் உள்ளே கூப்பிட்டார். ரோசா தலையாட்டிச் சிரித்தார்.

"பாரு" என்றார் இவர்.

புண் இருந்த இடத்தில் மெல்லிய ரோஸ் நிறத்தில் புதுத் தோல்.

இப்போது டெக்சஸிலேயே பேர்லேண்ட் என்ற நகரத்தில் இருக்கிறோம். எங்கள் மகளும் டாக்டர். இங்கேயே பிறந்தவள், அவளை எந்தக் கடிதமும் ஒரு கட்டடத்தில் கட்டிப்போடவில்லை. வீட்டு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, வீடியோவிலேயே எங்கெங்கோ இருப்பவர்களைப் பார்க்கிறாள். கட்டு மாற்ற நர்ஸை வீட்டுக்கே அனுப்புகிறாள். யாரும் யாரையும் கூட்டிக்கொண்டு வர வேண்டியதில்லை.

நல்ல வசதிதான், குறை சொல்லவில்லை. அன்றைக்கே இது இருந்திருந்தால் ரோசாவின் கால் இன்னும் சீக்கிரம் ஆறியிருக்கும்.

எனக்குத்தான் ரோசா என்று ஒருவர் இருந்ததே தெரியாமல் போயிருக்கும்.