மின்கம்பியைத் தொட்ட கடல் தூண்டில்

குமாரபாளையத்தில் தறி ஓட்டும் வேலையை விட்டுவிட்டு, ஜேடர்பாளையம் நோக்கி ஆற்றோரமாக நடந்துகொண்டிருந்தேன். தோளில், கடற்கரையில் நின்று வீசும் நீளத் தூண்டில். கடலூரில் வாங்கியபோது கண்ணாடி இழை, கார்பன் என இரண்டு வகை காட்டினார்கள். நடந்தே திரிபவன் என்பதால் எடை குறைந்த கார்பனை எடுத்திருந்தேன்.

பசித்தது. ஒரு தென்னந்தோப்பு ஓரம் நின்று, தூண்டிலின் துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்தி, ஆற்றில் வீசுவதற்காகத் தலைக்கு மேல் தூக்கினேன்.

"ஏனுங்க, மேல கரண்டு கம்பி! கீழ போடுங்க சாமி!" என்று தோப்புக்கார அம்மா கத்தினார்.

பதறிப் பிடியை விட்டேன். சரிந்த தூண்டிலின் நுனி கம்பியை உரசியது. பட்டப்பகலையே மங்கவைத்த நீல வெளிச்சம்! தூண்டில் கருகி, நூல்நூலாகப் பிரிந்து புல்லில் கிடந்தது. கார்பனில் மின்சாரம் பாயும் என்று கண்ணாலேயே பார்த்துவிட்டேன்.

"மேல பாக்க மாட்டீங்களா?"

"கடற்கரையில மேல கம்பி இருக்காதுங்கம்மா."

"அப்ப அங்கயே இருந்திருக்கோணும்" என்றவர் சோறு போட்டார்.

இப்போது கனமானாலும் கண்ணாடி இழைத் தூண்டில்தான். அதையும் அண்ணாந்து பார்த்த பிறகே பொருத்துகிறேன்.

தூண்டில் கருகிய மறுநாள் காலை அந்த அம்மாவின் தோப்பிலேயே தேங்காய் பறிக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். நுனியில் அரிவாள் கட்டிய நீள அலுமினியத் தொரட்டியை நீட்டினார். மூங்கில் தொரட்டிதான் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.