இரண்டு சங்கங்களுக்கு நடுவே ஒரு கிரைண்டர்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் பத்தாவது வரை படித்தவள். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்குப் பேச்சு வராது. இத்தனை வருடத்தில் நான் எழுதியதெல்லாம் மளிகைச் சீட்டும் ஊருக்குக் கடிதமும்தான். ஆனாலும் அந்தப் பொங்கல் சமயத்தில் நடந்ததை முழுக்கப் பார்த்தவள் நான் ஒருத்திதான். மற்றவர்கள் ஆளுக்குப் பாதிதான் பார்த்தார்கள். அதனால் துணிந்துவிட்டேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் டெக்சஸில் கேட்டி என்ற ஊரில், ஒரு அபார்ட்மென்ட்டின் இரண்டாம் மாடியில் இருந்தோம். ஹூஸ்டனுக்கு மேற்கே இருக்கிறது. அப்போது அங்கே ஆறு தமிழ்க் குடும்பங்கள்தான். ஹூஸ்டனின் வடக்கிலும் தெற்கிலும்தான் நம் ஆட்கள் அதிகம். எல்லோருக்கும் சேர்த்து ஒரே தமிழ்ச் சங்கம் இருந்தது. பொங்கல் விழா மேடையில் குழந்தைகள் சினிமாப் பாட்டுக்கு ஆடலாமா கூடாதா என்று ஒரு கூட்டத்தில் பேச்சு வந்தது. ஆடலாம் என்றது வடக்கு. கூடாது என்றது தெற்கு. இரண்டே வாரத்தில் சங்கம் இரண்டாகிவிட்டது. ஒரே ஞாயிற்றுக்கிழமையில், ஒரே நேரத்தில் இரண்டு விழா என்று அறிவித்துவிட்டார்கள்.

கேட்டியில் இருந்த ஆறு குடும்பமும் எந்தப் பக்கமும் சேரவில்லை. "வீ ஆர் ஸ்விட்சர்லாந்து, அம்மா" என்றாள் என் மகள். அவளுக்கு அப்போது பதினைந்து வயது. நான் தமிழில் கேட்டால் அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள்.

எங்கள் வீட்டில் ஒரு பெரிய கிரைண்டர் இருந்தது. கோயம்புத்தூரிலிருந்து கப்பலில் வந்தது. இந்த ஊர்க் கரண்டுக்கு அது ஓட, டிரான்ஸ்ஃபார்மர் பெட்டி ஒன்றும் பக்கத்தில் வைத்திருந்தோம். சங்கம் ஒன்றாக இருந்த காலத்தில் எந்த விழாவுக்கும் இட்லி மாவு என் வீட்டிலிருந்துதான் போகும். பிரிந்த பிறகும் இரண்டு பக்கமும் என்னிடமே கேட்டார்கள். நானும் இரண்டு பேருக்கும் சரி என்றேன். முடியாது என்று சொல்வதற்குத்தான் எனக்கு வாய் வராதே.

அங்கிருந்துதான் உளவு வேலை ஆரம்பித்தது. என் வீட்டில் ஊறும் அரிசியைப் பார்த்தால் எதிர்க்கட்சிக்கு எத்தனை கூட்டம் வரும் என்று கணக்குப் போட்டுவிடலாம் அல்லவா? வடக்கிலிருந்து ஒரு அங்கிள், ரிட்டயரானவர், எதையாவது சாக்கு வைத்துக்கொண்டு வருவார்.

"என்னம்மா, பக்கெட் பக்கெட்டா ஊறுது? யாருக்கு?"

"எங்களுக்குத்தான் அங்கிள்."

"மூணு பேருக்கா? பேஷ், நல்ல பசி!"

இதெல்லாம் வேடிக்கைதான். வேடிக்கையில்லாத விஷயம் ஒன்றும் என் வீட்டில் ஒளிந்திருந்தது.

வடக்குச் சங்கத் தலைவரின் மனைவி கோயம்புத்தூர்ப் பெண். தெற்குச் சங்கத் தலைவரின் மனைவி திருநெல்வேலிப் பெண், அவளைவிட நாலு வயது மூத்தவள். இருவரும் உயிர்த் தோழிகள். கோயம்புத்தூர்ப் பெண்ணுக்கு முதல் தடவை கரு கலைந்தபோது பத்து நாள் தினமும் கஞ்சி வைத்து எடுத்துப் போனவள் மற்றவள். இப்போது கோயம்புத்தூர்ப் பெண் மறுபடியும் உண்டாகி, ஏழாம் மாதம். அவள் அம்மாவுக்கு விசா இரண்டு தடவை கிடைக்கவில்லை. அம்மா இல்லாத வளைகாப்பில் முதல் வளையலைத் தன் தோழிதான் போட வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். சங்கம் பிரிந்ததும் இரண்டு கணவர்களும் அந்தப் போக்குவரத்தை நிறுத்திவிட்டார்கள். ஒருவர் "அவங்க வீட்டு ஆளு நம்ம வீட்டுப் படி ஏறக்கூடாது" என்றார். மற்றவர் "நீ அங்க போகவே கூடாது" என்றார்.

அதனால் புதன்கிழமைதோறும் மாவு அரைக்கும் சாக்கில் இருவரும் என் வீட்டுக்கு வருவார்கள். வளைகாப்பை விழாவுக்கு முந்தின நாள், சனிக்கிழமை, என் வீட்டிலேயே ரகசியமாக வைத்துக்கொள்வது என்று முடிவானது. ஊரிலிருந்து வந்த ஒருவரிடம் திருநெல்வேலிப் பெண் சொல்லிவைத்துக் கண்ணாடி வளையல் வரவழைத்திருந்தாள். அந்தப் பெட்டி என் துணி அலமாரியில் இருந்தது.

கடைசிப் புதன்கிழமை. திருநெல்வேலிப் பெண் எவர்சில்வர் தூக்கில் புளிக்குழம்பு கொண்டு வந்திருந்தாள். குழம்பை வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட்டுத் தூக்கைக் கழுவிக் கவிழ்த்தேன்.

"மாவு அரைக்கப் போறேம்னு சொல்லிட்டு வந்திருக்கேங்க்கா. ஏ பிள்ள, என்ன இப்படி இளைச்சுப் போயிருக்க? அந்த மனுசன் சங்கத்துக்குத் தலைவரா இருந்து என்ன செய்ய, பொண்டாட்டிக்குச் சோறு போடத் தெரியலையே!"

"உங்க தலைவரு மட்டும் என்னவாம்? மூணு வாரமா மைக் டெஸ்டிங்தான பண்ணீட்டு இருக்காருன்னு சொன்னீங்க" என்று சிரித்தாள் மற்றவள். உடனே முகம் மாறிவிட்டது. "சனிக்கிழமை தெரிஞ்சு போச்சுன்னா என்ன பண்றதுங்க்கா?"

நான் பதில் சொல்வதற்குள் காலிங் பெல் அடித்தது. கதவுத் துவாரத்தில் பார்த்தேன். அங்கிள்! வடக்குச் சங்கத்து ஆள். கோயம்புத்தூர்ப் பெண் இருக்கலாம், மாவுக்கு வந்தாள் என்று சொல்லிக்கொள்ளலாம். திருநெல்வேலிப் பெண்ணை அவர் பார்த்துவிட்டால் கதை முடிந்தது. அவளைப் படுக்கையறைக்குள் தள்ளினேன். கதவுக்கு உள்பக்கம் கிடந்த அவள் செருப்பை எடுத்து வாஷிங் மெஷினுக்குள் போட்டேன். அங்கிள் வந்தார், பக்கெட்டுகளை எண்ணினார், காபி குடித்தார், கிளம்புகிற வழியைக் காணோம். கோயம்புத்தூர்ப் பெண்ணே எழுந்து, "நானும் கிளம்பறனுங்க்கா, வாங்க அங்கிள், சேந்தே இறங்கலாம்" என்று அவரைக் கூட்டிக்கொண்டு போனாள். போகிற அவசரத்தில் ஒரு தூக்கில் அடை மாவை ஊற்றி அவள் கையில் கொடுத்தேன். அவள் போன வாரம் விட்டுப்போன தூக்கு அது என்று நினைத்துக்கொண்டேன். பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கும் வழக்கம் நமக்கில்லை. பிறகு இன்னொரு தூக்கிலும் அடை மாவை ஊற்றித் திருநெல்வேலிப் பெண்ணிடம் கொடுத்தனுப்பினேன்.

இரண்டு தூக்கும் ஒரே அளவு. கல்யாணச் சீராக வந்த பாத்திரங்களில் பெயர் வெட்டியிருக்கும் என்பது அந்த நேரத்தில் எனக்கு ஞாபகம் வரவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் கதவைத் திறந்தேன். வடக்குத் தலைவர் கையில் தூக்கோடு நின்றார். அதன் வயிற்றில் தெற்குத் தலைவரின் பெயரும் ஊரும் கல்யாணத் தேதியும் பளிச்சென்று தெரிந்தன.

"அக்கா, தோசை ஊத்தலாம்னு ஃப்ரிட்ஜைத் திறந்தேனுங்க. இவரு எப்படிங்க என் ஃப்ரிட்ஜுக்குள்ள வந்தாரு?"

நான் வாயைத் திறப்பதற்குள் படியில் இன்னொரு காலடி. தெற்குத் தலைவர், வடக்குத் தலைவரின் பெயர் வெட்டிய தூக்கோடு! ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு இருவரும் என்னைப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. மகள் சோபாவுக்குப் பின்னால் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. உள்ளே போய் வளையல் பெட்டியை எடுத்து வந்து மேஜையில் வைத்துத் திறந்தேன்.

"சனிக்கிழமை இங்க வளைகாப்பு. அவ அம்மாவால வர முடியல. முதல் வளையல் யாரு போடணும்னு அவளே சொல்லிட்டா. வேண்டாம்னா, நீங்க ரெண்டு பேருல ஒருத்தர் அவகிட்டப் போய்ச் சொல்லிடுங்க. எனக்கு அதெல்லாம் சொல்லத் தெரியாது."

என் வாழ்க்கையில் வெளி மனிதர்களிடம் நான் சேர்ந்தாற்போல் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

தெற்குத் தலைவர் வளையல்களைப் பார்த்தபடி, "நா எதுக்குச் சொல்லணும்? அவரு பொண்டாட்டி, அவரு சொல்லட்டும்" என்றார்.

"நானா? மாசமா இருக்கற பிள்ளைகிட்டயா? நான் சொல்ல மாட்டனுங்க."

"அப்ப நானும் சொல்லல."

அவ்வளவுதான், முடிந்தது. இருவரும் தூக்குகளை மாற்றிக்கொண்டார்கள். படி இறங்கும்போது தெற்குத் தலைவரின் குரல் கேட்டது. "அடை மாவுதான? எங்க வீட்ல ராத்திரியே ஊத்திட்டோம். நல்லா இருந்துச்சு."

சனிக்கிழமை குளிரும் மழையும். ஏழு பெண்கள் வந்தார்கள். எலுமிச்சை சாதம், புளி சாதம், தேங்காய் சாதம், தயிர் சாதம், சர்க்கரைப் பொங்கல் என்று ஐந்து வகை செய்திருந்தேன். ஆண்கள் மேலே வருவதில்லை என்பது ஒப்பந்தம். இரண்டு தலைவர்களும் பார்க்கிங்கின் இரண்டு கோடியில் அவரவர் காரில் உட்கார்ந்திருந்தார்கள்.

திருநெல்வேலிப் பெண் சந்தனம் பூசிவிட்டு முதல் பச்சை வளையலை எடுத்தாள். கை வீங்கியிருந்ததால் அது சுலபமாக ஏறவில்லை. "சோறு போடலன்னு நெனச்சேன், நல்லாத்தான் போட்டிருக்காரு போல" என்று முணுமுணுத்துக்கொண்டே, ஒவ்வொரு விரலாக மடக்கி, உடையாமல் ஏற்றிவிட்டாள். கோயம்புத்தூர்ப் பெண் சிரிக்கத்தான் ஆரம்பித்தாள். பிறகு தோழியின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, வெகு நேரம் நிமிரவில்லை.

கீழே இருந்தவர்களுக்கு என் வீட்டுக்காரரிடம் இரண்டு தட்டு கொடுத்தனுப்பினேன். திரும்பி வந்தவர் சொன்னார்: "ஒருத்தர் கார்ல ஹீட்டர் வேலை செய்யலையாம். ரெண்டு பேரும் இப்ப ஒரே கார்லதான் இருக்காங்க."

"பேசிக்கறாங்களா?"

"இல்ல. சாப்பிடறாங்க. இன்னும் கொஞ்சம் புளி சாதம் கேட்டாங்க."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை வடக்கே ஒரு பொங்கல் விழாவும் தெற்கே ஒரு பொங்கல் விழாவும் ஒரே நேரத்தில் நடந்தன. இரண்டுக்கும் மாவைக் காலையிலேயே கொடுத்தனுப்பிவிட்டு, நான் வீட்டிலேயே இருந்து கிரைண்டரைக் கழுவினேன்.